நன்றியுரையில் விடுபட்ட பெயர்

அன்புள்ள ஹென்யா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆன்ட்வெர்ப்பில் மழை விட்டதா? இங்கே எருசலேமில் நான் நலம்.

நூலகத்தில் பக்கத்து மேசைக்காரன் மெனாஷேயைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? தன் புத்தகத்தின் நன்றியுரையில் என் பெயரை விட்டவன். நாளை பாவமன்னிப்பு நோன்பு என்பதால் இந்த வாரம் இரண்டு முறை வந்து மன்னிப்புக் கேட்டான். இரண்டு முறையும் பேசவிடாமல் துரத்தினேன். இன்று காலை, வழக்கப்படி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் முறையாக வந்தான். மூன்று முறை கேட்டும் மறுத்தால் பாவம் என் தலையில்தான்.

"சரி, மன்னிச்சேன். தொலை!" என்றேன்.

"அப்பாடா! உன்னைக் கஞ்சன்னு ஊரெல்லாம் சொன்னது மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சுப்பா."

"அதுக்கா வந்தே? அப்போ புத்தகத்துல என் பேரை விட்டது?"

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, உன் பேர் இல்லையா அதுல?"

கூட வந்த கிழவர் ஒருவர் பொறுமையிழந்தார். "இதுக்கும் மூணு தடவை வரணுமா? பசிக்குதுய்யா!"

சிரித்துவிட்டேன், ஹென்யா. நான்கு வருடக் கோபத்தை அங்கேயே, இதற்கு அவன் முதல் முறை மன்னிப்புக் கேட்டதுமே விட்டுவிட்டேன்.

நோன்பில் தோல் செருப்பு ஆகாது; துணிச் செருப்பை ஆன்ட்வெர்ப்பிலேயே மறந்துவிட்டேன். மெனாஷே தன்னுடையதைத் தந்தான், பெரிதாக இருக்கிறது. நாளைக்குள் வந்து சேராது, ஆனாலும் என்னுடையதை அனுப்பு, உன் கையெழுத்தில் நாலு வரியும் வை. நோன்புக்கு முந்திய சாப்பாடு இந்த முறை அவன் வீட்டில். வாசலில் நின்று கத்துகிறான்.

உன் அண்ணனிடம் சொல், வாங்கிப் போய்த் திருப்பித் தராத என் குடையை அவரே வைத்துக்கொள்ளட்டும். பதினோரு வருடமாக அதையும் மறக்காமல் இருந்தேன்.

அவசரத்தில்,
உன் ஸெலிக்