உன் படிப்பு நாற்காலியும் தெருமுனைக் குழியும்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் சுகமாக இல்லை. நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் சிநேகிதன் கையும் கேமராவுமாக வந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். தெருவைப் படம் பிடிக்க வந்தவன் என் மருந்து டப்பாவை எதற்குத் திறந்து பார்க்கிறான்? தனியா இருக்க பயமா இல்லையா ஆன்ட்டி என்று திரும்பத் திரும்பக் கேட்டபோதே புரிந்துவிட்டது, வீட்டை விற்று என்னை மூட்டை கட்ட நீதான் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாய் என்று. சரி, அவன் செய்த காரியத்தைக் கேள். தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்த குழியின் மேல், கால் ஒடிந்த உன் படிப்பு நாற்காலியைப் போட்டு வைத்தோமே, நீ இங்கே இருந்தபோதே போட்டதுதான். வாத்தியாருக்குக் கண் மங்கிய பிறகு அதுதான் அடையாளம். கைத்தடி அதில் தட்டினால் நம் தெருவுக்குள் திரும்புவார். படத்தில் அசிங்கமாக விழுகிறது என்று உன் சிநேகிதன் அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியோரம் வைத்துவிட்டுப் போய்விட்டான். வாத்தியாருக்கு எதுவும் தட்டுப்படவில்லை, முனை இன்னும் வரவில்லை என்று நேரே நடந்து குழிக்குள் காலை விட்டிருக்கிறார். கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறார். பார்க்கப் போனால், அந்தப் பையனைத் திட்டாதம்மா, அவனுக்கு என்ன தெரியும் என்கிறார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் நின்று படம் எடுத்த இடத்தில் நானும் போய் நின்றேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்கு முன் என்னதான் பார்த்தான் என்று பார்க்க. புதிதாக வருகிறவனுக்கு அது குப்பைதான், வேறென்ன. திறந்த குழிக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு இத்தனை வருஷம் சுற்றிச் சுற்றிப் போய்வந்த எங்களுக்குத்தான் வெட்கமில்லை. பேக்கரிக்காரரையும் இஸ்திரிக்காரரையும் திட்டிக் கிளப்பி, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். அதிகாரி உட்காருங்கம்மா என்றார். நீங்க இதுல உட்காருங்க சார் என்று அதை அவர் முன்னால் வைத்தேன். மறுநாளே இரும்பு மூடி வந்தது.

அவன்மேல் கோபம் போய்விட்டது. உன்மேல்தான் போகவில்லை. அவன் எடுத்த படத்தை எனக்கும் அனுப்பி, நம்ம தெரு எவ்வளவு அழகா இருக்கும்மா என்று செய்தி அனுப்பினாயே. படத்தின் நடுவில் குழி கறுப்பாக வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, உன் நாற்காலி இல்லை. அவனுக்குத் தெரியாது, வெளியாள். உனக்குமா தெரியவில்லை? வாத்தியார் விழுந்தபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

இனி ஆள் அனுப்பாதே. வீட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் நீயே வா. வாத்தியாருக்கு இரண்டு வரி எழுது, மறந்துவிடாதே. குழந்தையைக் கால் நனைய விடாதே, சளி பிடிக்கும். கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், எல்லோரும் நன்றாக இருங்கள். குழியை மூடியதும் வாத்தியார், இனி எதைத் தட்டித் திரும்புவேன் என்று கேட்டார். தச்சரிடம் கொடுத்துக் கால் போட்டு, நாற்காலியை அதே முனையில் ஓரமாக வைத்திருக்கிறோம். நீ வரும்போது அதைப் பார்த்துத் திரும்பு, வீடு வந்துவிடும்.

இப்படிக்கு,
இந்தத் தெருவிலேயே இருக்கும்
உன் அம்மா