ஒரு பக்கம் பிடிக்க ஆள்

பாலக்கோடு,
வியாழக்கிழமை.

அன்பு மகன் சின்னராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நான் எழுந்து நடமாடுகிறேன், அப்பா படுத்தபடியேதான் இருக்கிறார், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், போனை நம்பி நான் பட்டது போதும். உன் கம்பெனி குமார் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறான், அவனிடம் இதையும் பூண்டு ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதுகுப்புண் ஆறிவிட்டது, ஆனால் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் திரும்ப வந்துவிடும் என்கிறார் டாக்டர். மண்டியில் தக்காளிக் கூடையை ஒற்றை ஆளாகத் தூக்கிய உடம்பு, எடை குறையவே மாட்டேன் என்கிறது. எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. சலித்துவிட்டது கண்ணு, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நம் அன்பியத்து ஜெபக்குழுவுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் நான்தான் ஜெபத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன், உனக்குத் தெரியும். மைக்கை அழுத்திப் பிடித்தால் விரல் வலிக்கிறது என்றதும் மேலே தள்ளிவிட்டால் போதும், அதுவே பதிவாகும் என்று போன லீவில் நீதான் சொல்லிக்கொடுத்தாய். போன வாரம் செவ்வாய்க்கிழமை பரம பிதாவே, இரக்கமுள்ளவரே என்று எல்லாருடைய கஷ்டத்தையும் ஒப்புக்கொடுத்து ஆமென் சொல்லிப் போனை அலமாரியில் வைத்தேன், நிறுத்த மறந்துவிட்டேன். அப்பா மறுபடியும் படுக்கையை நனைத்திருந்தார், அப்போதுதான் துணி மாற்றியிருந்தேன். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, இயேசுவைப் பார்த்து, ஏய்யா, உனக்குக் கண்ணு இருக்குதா இல்லியா, ஊருக்கெல்லாம் உங்கிட்ட வந்து நிக்கறனே, என்னடி பிரகாசி உனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாச்சும் கேட்டியா, வூட்டுக்கு வந்து ஒரு பக்கம் புடிச்சா கொறஞ்சா போயிருவ என்று கத்தினேன். அழுதேன், மூக்கைச் சிந்தினேன், எல்லாம் பதிவாகியிருக்கிறது. போன் இன்னும் ஓடுவதைப் பார்த்துப் பதறி எதையோ அமுக்கப்போய் அது குழுவுக்கே போய்விட்டது. அழிக்கத் தெரியவில்லை. இருபத்துமூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவமானத்தில் ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த தெரு லூர்துமேரி திங்கட்கிழமை வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, அப்பாவின் கால் பக்கம் போய் நின்று, புடிங்கக்கா என்றாள். இரண்டு பேருமாகப் புரட்டினோம். பிறகு காப்பி குடிக்கும்போது, பத்து வருசமா நீங்க ஜெபம் பண்றதக் கேக்கறேங்கக்கா, நீங்க ஆண்டவருகிட்ட பேசுனத அன்னிக்குத்தான் கேட்டேன் என்றாள். தினமும் வருகிறாள். இதை அற்புதம் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன், அவளுக்கும் மூட்டுவலி, முனகிக்கொண்டேதான் வருகிறாள்.

ஆனால் அவள் சொன்னது என்னை விடவில்லை. போன மாதம் நீ, ஜெபம் பண்றதையே வுட்டுட்டேம்மா, எனக்கு வார்த்தையே வரல என்றாய். நான் திட்டினேன், ஜெபப் புத்தகத்தை வாங்கி அனுப்பி இதைப் படி என்றேன். கண்ணு, எனக்கே வார்த்தை இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. மந்திரிக்கு மனு கொடுப்பது போல இத்தனை வருஷம் ஆண்டவரிடம் பேசியிருக்கிறேன். நீ அங்கே தனியாக இருக்கிறாய், அவர் துணையும் போய்விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் பயமெல்லாம். அதனால் புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னிடம் சண்டை போடுவாயே, அப்படி அவரிடம் போடு. அதுவும் வராவிட்டால் வரவில்லை என்று அவரிடமே சொல்.

ஆண்டவர் உன்னை எந்த விபத்தும் அண்டாமல் காக்கட்டும், அப்பாவும் இடது கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்கிறார். ஊறுகாயைக் குமாரோடு பங்குபோட்டுக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இன்று காலை நான் குழுவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. களைச்சுப்போச்சுய்யா, கொஞ்சம் உக்காரட்டா என்று மட்டும் கேட்டேன். லூர்துமேரி வரும்வரை இயேசுவும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

உன் அம்மா,
பிரகாசியம்மாள்