கூப்பிட்டால் பதில் சொல்லும் பொத்தான்

அக்கா,

விறகு நனையக் கூடாதென்று இன்று காலை, நீ கண்மூடிய பிறகு மடித்து வைத்திருந்த உன் ரப்பர் படங்கை எடுத்து மூடினேன். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்வாயே, அதே பழைய படங்குதான். ஈரம் பட்டதும் ரப்பரும் பச்சைக் கொழுந்தும் கலந்த அந்த வாசனை எழும்பியது. அப்படியே நின்றுவிட்டேன். நம் பேத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு எழுத்துதான், பொறுத்துக்கொள்.

என் மகளை உன் மகனுக்குக் கொடுத்தபோது, இனி என்னைச் "சம்பந்தியம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீயும் காலையில் கூப்பிட்டுப் பார்த்தாய். மதியம்வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கு வாய் வருதில்ல புள்ள" என்று கைவிட்டுவிட்டாய். அதனால் நானும் உன்னை அக்கா என்றே எழுதுகிறேன்.

தேயிலைக் காட்டில் மூடுபனி இறங்கினால் அடுத்த வரிசையில் நிற்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். காட்டெருமை எங்கே நிற்கும் என்றும் தெரியாது. "ஓய்!" என்று நீ இழுத்துக் குரல் கொடுப்பாய். "கேக்குது அக்கா" என்பேன். பதில் வராமல் நீ அடுத்த செடிக்கு நகர்ந்ததே இல்லை. ஒரு நாள் என் வாய் நிறைய வெற்றிலை. நான் முனகியது உனக்குக் கேட்கவில்லை. செடிகளைப் பிளந்துகொண்டு, கையெல்லாம் கீறலோடு வந்து நின்றாய். "துப்பிட்டுச் சொல்லு புள்ள! உசுரே போயிருச்சு எனக்கு!" அன்று திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பேத்தி இப்போது கோயம்புத்தூரில், செல்போனில் வரும் பக்கங்களை வடிவமைக்கிறாள். எந்தப் பொத்தான் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், எல்லாம் அவள் முடிவுதான். ஏ.ஐ.யிடம் சொன்னால் நாலைந்து மாதிரிகளை அதுவே வரைந்து நீட்டுகிறது. அதில் ஒன்றை எடுத்து இவள் இழைத்துச் செதுக்குகிறாள். பெருமையாக இருக்கிறது, சொல்லாமல் என்ன?

போன வாரம் அவள் செய்த பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தாள். குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் ஆட்கள் லயத்திலிருந்தே டோக்கன் போடலாமாம். அவள் தனியாகச் செய்த முதல் வேலை. வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து.

"ஏங்கண்ணு, இதுக்குள்ளயும் மூடுபனி எறங்கிருக்குதா?"

"இப்ப இதுதான் ட்ரெண்டுங்க அம்மிச்சி. கண்ண உறுத்தக் கூடாது."

பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும்.

"போதுமுங்க அம்மிச்சி! மொதல்லயே போயிருச்சு."

"போச்சுன்னு ஆரு சொன்னா?"

"மேல பச்சைப் புள்ளி வந்துச்சுங்களே."

தண்ணீர்க் குழாயடிக்குப் போய் மற்ற பெண்களிடமும் கொடுத்துப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் போலத்தான். ஆளுக்கொரு கொத்து டோக்கன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "திங்கக்கெழம காட்டோணும். லயத்து ஆளுங்களுக்கு அமுக்க வரலைனா இத வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள்.

அவளைத் தேற்றத்தான் நம் மூடுபனிக் கதையைச் சொன்னேன். வெற்றிலைக் கதைக்குச் சிரித்தாள். பிறகு, "அப்பாயி எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் உன்னைப் போலவே "ஓய்!" என்று இழுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து, "ஏனுங்க, காட்டுமாடு வந்துருச்சா?" என்று ஒருத்தி ஓடிவந்தாள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொத்தான் தேயிலைப் பச்சையாகிவிட்டது. எழுத்துக் கறுத்திருந்தது. அமுக்கியதும் போன் என் உள்ளங்கையில் ஒருமுறை அதிர்ந்தது. பிறகு ஒரு குரல்: "கேட்டுருச்சு. டோக்கன் வந்துரும்." அவளே பேசிப் பதிந்த குரல்தான். ஆனால் அந்த இழுப்பு உன்னுடையது, அக்கா. தன் குரலில் அது வந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

குழாயடிப் பெண்கள் ஒருமுறை அமுக்கிவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். குரல் நீளம், குறைக்கச் சொன்னார்களாம். இப்போது "கேட்டுருச்சு" மட்டும் வருகிறது.

இன்றும் மலையெல்லாம் மூடுபனி. நீ கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். என்றாலும் வாசலில் நின்று, "கேக்குது அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். எத்தனை தரம் சொல்வது என்று யோசித்தேன். ஒருமுறை போதும், போய்ச் சேர்ந்துவிடும் என்கிறாள் நம் பேத்தி.