படகுக்குப் போன சோபா

என்னங்க,

சாப்பாடு மேஜையில மூடி வச்சிருக்கேன். நின்னுக்கிட்டே சாப்பிடுங்க, நாற்காலி மெத்தையெல்லாம் கூடத்துல கிடக்கிற உங்க படகுக்குள்ளதான் இருக்கு. பாறை ஆத்துல மண்டி போட்டுத் துடுப்பு போட்டா முட்டி வலிக்குதுன்னு சோபாவை அறுத்து ஒட்டினீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். படகு ஆடுறப்ப நழுவாம இருக்கத் தொடையை இறுக்கிக் கட்ட என் கைப்பை வார்தான் கிடைச்சுதா? நேத்து நான் பேசாததுக்கு அதுதான் காரணம்.

நாலு மணிக்கு உங்க அக்கா வராங்க. கூடத்துல உட்கார வேற இடமில்ல, படகுலயே உட்கார வைங்க.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க.

பி.கு.: காலையில நானும் படகுல மண்டி போட்டுப் பாத்தேன். முட்டி வலிக்கவே இல்ல, அதுதான் எரிச்சல். முன்னாடி எனக்கும் இடம் இருக்கு. அங்க உங்க தலையணையை அறுத்து ஒட்டியிருக்கேன். பசை காயுது, தொடாதீங்க.