டிரம்முக்கும் உனக்கும் நடுவே ஒரு கயிறு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் ஆள், இப்போதும் டிரம் முன்னால் உட்கார்ந்தால் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்கிறேன். மறுமுனையைக் கட்டிக்கொள்ள நீதான் இல்லை. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் கயிற்றில் கடல் வாடை போகவில்லை.

சங்கு குளிக்கையில் நீ கடலடியில், நான் படகில் இதே கயிற்றோடு. இரண்டு தடவை இழுத்தால் நீ மேலே வரவேண்டும். கப்பலில் வேலை பார்த்த உன் மச்சான் கொண்டுவந்த டெத் மெட்டல் பாட்டுக் கேசட்டைக் கேட்டுவிட்டு, "இந்த உறுமலுக்கு மூச்சுதாம்ல வேணும், அது நம்மகிட்ட கெடக்கு" என்றாய். ஐஸ் கம்பெனி மெக்கானிக் கிதாரோடு வந்து சேர்ந்தான். நீ பாட, நான் டிரம் அடிக்க, கம்பெனிக்குப் பின்னால் பழகினோம். மெஷின் இரைச்சலில் ஊருக்கு ஒன்றும் கேட்கவில்லை. உனக்கும் கேட்கவில்லை என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பாட்டு முடிந்த பிறகும் உறுமிக்கொண்டிருந்தாய். ஆழத்தில் செவிப்பறை கிழிந்து, எல்லாம் அரைகுறையாகத்தான் உன் காதில் விழுந்தது.

"சம்மாட்டிக்குத் தெரிஞ்சா படகுல ஏத்தமாட்டாரு. வாயத் தொறந்துராத" என்றாய். படகுச் சொந்தக்காரரான அவரை விட்டால் உனக்கு வேறு பிழைப்பு இல்லை. "கடலுக்கடியில காது எதுக்குல? கயிறு போதும்." அதையே மேடைக்கும் கொண்டுவந்தோம். ஒரு இழுப்புக்குத் தொடங்கு, இரண்டுக்கு நிறுத்து.

முதல் மேடை, கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சி. முன்வரிசையில் சம்மாட்டி.

"என்னல இது, மாட்டக் கட்டுன மாதிரி?"

"அவுத்துவிட்டா ஓடிருவான் அண்ணாச்சி" என்றேன். சிரித்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்துக் குச்சி வழுக்கியது.

கடைசிப் பாட்டு. இரண்டு தடவை இழுத்தேன். கயிறு அசையவில்லை. மெக்கானிக் அதை வலது காலால் மிதித்துக்கொண்டு நின்றான். டிரம் நின்றது, கிதார் நின்றது. நீ மட்டும் கண்ணை மூடி உறுமிக்கொண்டே இருந்தாய். சம்மாட்டி எழுந்து நின்றார். நான் மூச்சு விடவில்லை. நீயும்தான் விடவில்லை. மெக்கானிக் காலை எடுத்த பிறகுதான் என் இழுப்பு உனக்கு வந்து சேர்ந்தது.

சம்மாட்டி மேடையருகே வந்தார். "கடைசில தனியா உறுமுனியேல, என்னா மூச்சு! நாளைக்கு இன்னும் ஆழத்துக்குப் போவோம்." அவர் வாயசைவைப் பார்த்துத் தலையாட்டினாய். பிறகு எல்லா மேடையிலும் அந்தத் தனி உறுமலை வைத்தோம். அதற்காகவே நம்மைக் கூப்பிட்டார்கள்.

போன ஞாயிறு புதுப் பாடகனோடு வாசித்தேன். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் கடைசிப் பாட்டில் என் கை தானாக இரண்டு தடவை இழுத்தது. மறுமுனை மைக் ஸ்டாண்டில் சிக்கிக் கிடந்திருக்கிறது. ஸ்டாண்டு சரிந்து மெக்கானிக்கின் பெருவிரலில் விழுந்தது. அதே வலது கால்.