சில்லுவின் குரல்

திருவல்லிக்கேணி,
14.5.1985

அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

"அவள்தான் சில்லு" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. ராஜாராம் சார் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? தம்பி ஏசுதாஸுக்கு வாலாஜாபாத் ரைஸ்மில்லில் வேலை நிலைத்ததா? இதையெல்லாம் கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். கை போகவில்லை.

நீ ஜன்னலுக்கு வெளியே இருந்தாய். உள்ளே பேசியது எவ்வளவு உன் காதில் விழுந்தது என்று தெரியாது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் டிரெயினிங் பள்ளி விடுதிக்குப் பஞ்சாட்சரம் ஐயா குரல் தேடி வந்தது உனக்கு நினைவிருக்கும். அட்டையில் ஆட்டுக்குட்டி வெட்டி, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிப்பவர். எங்களையெல்லாம் பேசவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன்னைப் பிடித்தார். டி.வி.யில் சில்லு வந்தபோது 'குழந்தைகளின் குரல்கள்' என்று மட்டும் போட்டார்கள். ஐயா காலமான பிறகு, அது உன் குரல் என்று அறிந்தவர்களில் அவருடைய படக் கம்பெனிக்குள் இருப்பவள் நான் ஒருத்திதான்.

இப்போது ஐயாவின் இடத்துக்கு வந்திருக்கும் ராஜாராம் சார் சில்லுவைக் கலரில் புதிதாக எடுக்கிறார். சிவப்புப் பனியன் போட்டு ராக்கெட்டில் ஏற்றியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்திசாலிகள், ஆடு அடுத்தவன் கொல்லையில் மேய்வதை ரசிக்க மாட்டார்கள் என்பார். சில்லு கொச்சையாகப் பேசக்கூடாது, நல்ல தமிழ் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தது நான். என் வீட்டிலும் அந்தக் கொச்சைதான் என்று அங்கேயும் சொல்லவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளிடம் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும் நம் ஊரைச் சொன்னேன். பால்வாடிப் பிள்ளைகளோடு வா என்று உனக்கு எழுதியதும் நான்தான். நீ கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரி அழைத்து வந்தாய். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் என் நைனா நின்றிருந்தார். "ஜன்னலாண்ட நில்லும்மா, காத்து நல்லா வரும்" என்றார். பஞ்சாயத்து பிரசிடெண்டாக இருந்தும் அவர் யாரையும் வைது நான் கேட்டதில்லை. அன்றும் வையவில்லை. அங்கே டி.வி. வந்த நாளிலிருந்து காலனிப் பிள்ளைகள் ஜன்னலில் நின்றுதான் பார்க்கிறார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை, அதனால் யாரும் அதை மாற்றவும் இல்லை. அதை மறந்துபோய் உன்னைக் கூப்பிட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அன்றைக்கு எப்படியாவது சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எனக்கு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்துகொண்டேன்.

சார் கொண்டுவந்த வீடியோ டெக்கை டி.வி.யில் மாட்டிப் படத்தை ஓட்டினார்கள். மதராஸ் அம்மாள் ஒருவர் சில்லுவுக்குப் பேசியிருந்தார். நல்ல குரல்தான். பிள்ளைகள் ராக்கெட்டைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்தார்கள். கன்னியப்பன் மகள் சத்தமாகவே, "இன்னாடி இது, ஆட்டுக்குட்டி நியூஸ் படிச்சிக்கினு கீது" என்றாள். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் வெளியே செங்கேணியின் குழந்தை அழுதது. நீ அதைத் தூக்கிக்கொண்டு சில்லுவாகப் பேசினாய். "இன்னா கண்ணு, அய்துகினு கீற? எனக்கு இன்னும் கொம்பு மொளைக்கல. முட்ட மாட்டேன், வா."

உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் டி.வி.க்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். பழைய படத்தை அவர்கள் பார்த்ததே இல்லை, ஞானம். ராக்கெட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சார் எழுந்துவிட்டார். யார் அது என்று கேட்டார். "காலனி பால்வாடி டீச்சர் சார், புள்ளைங்களுக்கு வெளையாட்டு காட்டிக்கினு கீது. நீங்க உக்காருங்க" என்றார் நைனா. சார் என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். ஏழு வயதிலிருந்து தெரியும். ஒரே விடுதியில், ஒரே பாயில் படுத்திருக்கிறோம். நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ப் பொண்ணுதான் சார்" என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் நீ இல்லை. பிள்ளைகளும் இல்லை.

நேற்று ஆபீசில் சாரிடம் உண்மையைச் சொன்னேன். அங்கேயே சொல்லியிருந்தால் அன்றே டேப் செய்திருப்பேனே என்று கோபித்தார். வருகிற 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு. நீ வந்தால் சில்லு உனக்குத்தான். பழைய மாதிரியே பேசலாம், வசனத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். உன் பெயரைத் தனியாகப் போடவும் ஒத்துக்கொண்டார். நீ வராவிட்டால் அந்த அம்மாளே பேசிவிடுவார். தள்ளிப்போட முடியாது என்கிறார்.

நைனாவிடம் நான் இன்னும் எதுவும் பேசவில்லை. பேசிவிட்டதாக உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

என்னோடு பேச வேண்டாம். ஸ்டூடியோவில் நான் இருக்கக்கூடாது என்றால் இருக்க மாட்டேன். உத்திரமேரூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதும், தாம்பரத்தில் கம்பெனி வண்டி நிற்கும். வா, ஞானம். நீ கும்பிடுகிற ஆண்டவர் உன் தொண்டையை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
கனகா

*

திருவல்லிக்கேணி,
8.7.1985

ஞானத்துக்கு,

நீ வரவில்லை. பதிலும் போடவில்லை. கடிதம் உன் கையில் கிடைத்தது என்று ஏசுதாஸ் சொன்னான். வேறெதுவும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சார் அன்று மாலை வரை உனக்காகக் காத்திருந்தார். பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டார். திருப்பி எழுதிய வசனம் அவர் வாயில் வரவில்லை. பழையபடி நல்ல தமிழில் மாற்றிக் கொடுத்தேன்.

நேற்று முதல் பகுதி டி.வி.யில் வந்தது. 'கதை, வசனம்: கனகா' என்று போட்டார்கள். நைனா ஊரைக் கூட்டி வைத்துக் காட்டினாராம்.

கனகா