அப்பாவின் நெற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

யுகேஷ் எழுதுகிறேன். வீட்டுச் சுவர்கள் காய்ந்தனவா? உங்கள் இருமல் குறைந்ததா? டோஹாவில் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

வெள்ளத்தில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன அப்பாவின் படத்தை, "வெயில்ல வச்சு மெதுவா உரிச்சுப் பாக்கவா?" என்று போனில் கேட்டீர்களே, அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. உரிக்காதீர்கள் அம்மா. முகம் கண்ணாடியோடு போய்விடும்.

ஊருக்கு வரும் கட்டுகஸ்தோட்டை நஸீப்பிடம், படத்தைக் கண்ணாடியோடே பிரதியெடுக்கும் ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். கடைக்காரர் முதலில் மெல்லியது ஒன்றைக் காட்டினார். என் அறை முருகன் படத்தைக் கண்ணாடியோடு அதில் வைத்தேன். புகை மூடியதுபோல் வந்தது. கனமானதில் வேல்முனைகூடத் தெரிந்தது. "நெகட்டிவும் எடுக்கலாம்" என்றார். நம்மிடம் நெகட்டிவ் ஏது? அந்த ஆத்திரத்தில் நான் போட்ட சத்தத்துக்குக் கடைக் காவலாளி வந்துவிட்டார், வேறொன்றுமில்லை.

பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து வைக்க மதுஷா அக்காவிடம் சொல்லுங்கள். அதுவரை, வெள்ளிக்கிழமையானாலும் கண்ணாடியில் பொட்டு வைக்க வேண்டாம். பழைய பொட்டை வெள்ளமே கழுவிவிட்டது.

நஸீப் கீழே கூப்பிடுகிறார். முதல் பிரதியை எனக்கு அனுப்புங்கள். நான் உங்கள் வயிற்றிலிருக்கும்போதே போனவர் அப்பா. பொட்டில்லாத அவர் நெற்றியை நான் பார்த்ததே இல்லை.

மகன்,
யுகேஷ்